பையும் பிள்ளையும்: ஒரே மெஷினில் இரண்டு தையல்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில் எமது மாணவியர் பலரின் வீடுகளில் தையல் மெஷினின் உறை கழற்றப்படுகிறது. முதலில் தலையணை உறை, பிறகு தங்கைக்கு ஒரு சட்டை, அதன்பின் அயல்வீட்டாரின் ஓடர் என்று அது வளர்கிறது. மனைப்பொருளியல் வகுப்பில் கற்றது அப்போதுதான் காசாக மாறத் தொடங்குகிறது. சிங்கர் மெஷின் இந்த நாட்டுக்கு வந்தது 1877 இல் என்பார்கள். அன்று முதல் வீட்டுக்குள் இருந்தபடியே ஒரு பெண் உழைக்கக்கூடிய வழிகளில் முதன்மையானதாகத் தையல் இருந்துவருகிறது.

இப்படித் தைத்து விற்கக்கூடிய குழந்தைச் சாமான்களுள் இரண்டைப் பற்றியே இக்கட்டுரை. ஒன்று, பிள்ளையின் உடுப்பு, நெப்கின், பால் போத்தல் எல்லாம் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கும் பயணத்துக்கும் போகும் பை. கடைகளில் இதனைப் பேபி பேக் என்பார்கள். மற்றையது, பிள்ளையைத் தாயின் உடம்போடு சேர்த்துச் சுமக்க உதவும் துணி. இதற்குப் பெயர் பேபி கெரியர். ஒரே பூப்போட்ட துணியில் இரண்டையும் தைத்து, ஜோடியாக மடித்து, பிள்ளை பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் அன்பளிப்பாக விற்கலாம். பார்க்க அழகாயிருக்கும். துணி ஒன்று, நூல் ஒன்று, தைப்பவரும் ஒருவர். ஆகையால் பை தைக்கத் தெரிந்தவருக்குக் கெரியரும் தைக்க வரும் என்றே எவரும் நினைப்பர். அப்படியல்ல. பையின் தையல் பிரிந்தால் உடுப்பு விழும். கெரியரின் தையல் பிரிந்தால் விழுவது என்னவென்று சொல்லத் தேவையில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் துணி, நூல், விலை, விளம்பரம் எல்லாம் வேறாகின்றன.

எமது வீடுகளில் பிள்ளையைச் சுமப்பதற்குத் தனியாக ஒரு துணி இருந்ததில்லை. சேலையை வளையில் கட்டி ஏணையாக்கினோம். தூக்கிக்கொண்டு நடப்பதென்றால் இடுப்புத்தான். ஒரு கை பிள்ளையை அணைத்திருக்க, மற்றக் கையால் சோறு கிளறி, கதவு திறந்து, மூத்த பிள்ளையின் கையையும் பிடித்துச் சமாளித்த உம்மாமாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். உலகின் வேறு பகுதிகளில் இந்த வேலையைத் துணி செய்தது. மெக்சிகோவின் ரெபோசோ ஒரு நீண்ட சால்வை. கொரியாவின் பொதெகி அகலமான ஒரு துணியும் நீண்ட நாடாக்களும் கொண்டது. சீனாவின் தென்பகுதியில் நாலு மூலையிலும் நாடா வைத்த சதுரத் துணிகளில் தாய்மார் செய்த பூவேலைகள் இன்று அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஆபிரிக்காவின் பல நாடுகளில் ஒரு துண்டுத் துணியால் பிள்ளையை முதுகோடு கட்டிக்கொண்டு சந்தைக்கும் வயலுக்கும் போவார்கள்.

இந்த ஆபிரிக்கத் துணியிலிருந்தே வீட்டில் தைத்து விற்ற கெரியரின் புகழ்பெற்ற கதை தொடங்குகிறது. ஆன் மூர் என்ற அமெரிக்கத் தாதி, 1960களின் தொடக்கத்தில் அமைதிப் படையணியின் தொண்டராக மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் பணிபுரிந்தார். தாயின் முதுகில் கட்டப்பட்ட பிள்ளைகள் அமைதியாக இருப்பதைக் கவனித்தார். நாடு திரும்பித் தமக்கு மகள் பிறந்ததும், அதேபோலத் துணியால் கட்டிப் பார்த்தார். பிள்ளை வழுகியது. பழக்கமில்லாத உடம்புக்கு வெறும் துணி போதவில்லை. எனவே ஒஹையோ மாநிலத்தில் இருந்த தம் தாயார் லூசி ஆக்கர்மனிடம் சொல்லி, பட்டிகள் வைத்த ஒரு சுமக்கும் பையைத் தைப்பித்தார். வீதியில் கண்டவர்கள் எல்லோரும் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டனர். தாயார் தைத்தார், ஓடர் கூடியபோது அயலிலுள்ள பெண்களும் தத்தம் வீடுகளில் இருந்து தைத்துக் கொடுத்தனர். 'ஸ்னக்லி' என்று பெயரிடப்பட்ட அதற்கு 1969 இல் காப்புரிமை கிடைத்தது. 1985 இல் அந்த வியாபாரத்தை ஒரு கம்பனிக்கு விற்றனர்.

தையற்காரர் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் காப்புரிமை அல்ல. பழைய ஸ்னக்லியில் துணிக்குள் மடிப்புகள் போட்டுத் தைத்திருந்தார்கள். பிள்ளை வளர வளர அம்மடிப்புகளைப் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பள்ளிச் சீருடையின் விளிம்பை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து, அடுத்த வருடம் பிரித்துவிடும் எங்கள் உம்மாமாரின் அதே புத்திதான்.

மற்றொரு வகை, வளையம் வைத்த சுமப்புத் துணி. ரிங் ஸ்லிங் என்பார்கள். 1981 இல் ஹவாய்த் தீவில் ரெய்னர் கார்னர் என்பவர் தம் மனைவிக்காக இதனை உருவாக்கினார். சில வருடங்களின்பின் வில்லியம் சியர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அதன் உரிமையை வாங்கி உலகறியச் செய்தார். இடுப்பில் பிள்ளையை வைத்துப் பழகிய எமக்கு மிகவும் பொருந்துவது இதுவே. இடுப்புச் சுமையைத் தோளுக்கு மாற்றி, இரண்டு கைகளையும் விடுவிக்கிறது. வெட்டும் தையலும் மிகக் குறைவு. அந்தக் குறைவுதான் ஆளை ஏமாற்றவும் செய்கிறது.

முதலில் பையைப் பார்ப்போம். இதில் கை பழகாமல் மற்றதற்குப் போகக்கூடாது என்பது என் கருத்து.

பேபி பேக்கை அழகாகத் தைப்பவர் பலர். பயன்படும்படி தைப்பவர் சிலர். வேறுபாடு உள்ளே இருக்கிறது. ஒரு தாய் இந்தப் பையை அநேகமாக ஒற்றைக் கையால்தான் திறப்பார், மற்றக் கையில் பிள்ளை இருக்கும். ஆகவே வாய் அகலமாகத் திறக்க வேண்டும், ஸிப் சிக்காமல் ஓட வேண்டும். உட்துணி கட்டாயம் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு உட்துணிக்குள் விழுந்த பால் போத்தல் மூடியைத் தேடிப் பார்த்தவருக்கு ஏனென்று புரியும். சுடுநீர் ஃபிளாஸ்க் சரியாமல் நிற்க, உட்பக்கத்தில் இலாஸ்டிக் வைத்த இறுக்கமான ஓர் அறை வேண்டும். கிளினிக் புத்தகம் மடங்காமல் வைக்க வெளிப்பக்கத்தில் ஒரு தட்டையான அறை வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து அளந்து பார்த்தே அறையை வெட்டுங்கள். வெளிநாட்டு மாதிரிப் படங்களைப் பார்த்து வெட்டும் பைகளில் இந்த அறை இருப்பதேயில்லை. பஸ்ஸில் போகிறவருக்குத் தோளின் குறுக்காகப் போடும் நீண்ட பட்டி தேவை. கையில் தூக்கும் குறுகிய பட்டி மட்டும் வைத்தால் அது காரில் போகிறவருக்கான பை.

ஈரமான நெப்கின் வைக்கும் அறைதான் தையலில் சற்றுச் சிரமமானது. ரெக்சீனோ மழைக்கோட்டுத் துணியோ வைத்துத் தைத்தால் நீர் ஒழுகாது என்று நினைப்போம். துணி ஒழுகாது, ஊசி போட்ட துளைகள் ஒழுகும். எனவே அறையின் அடிப்பக்கத்தில் தையல் வரவே கூடாது. துணியை அடியில் மடித்து, இரு பக்கங்களை மட்டும் தைத்து, வாயை மேலே வைக்க வேண்டும். ரெக்சீனில் குண்டூசி குத்தினால் அந்தத் துளை மூடாது. அதனால் உடுப்புக் கிளிப்பால் பிடித்துக்கொள்வது நல்லது. மெஷினின் பாதத்தில் ரெக்சீன் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும்போது, மேலே மெல்லிய டிஷ்யூத் தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுக்கலாம்.

பட்டி பையோடு சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, அதன் உள்ளே பெருக்கல் குறிபோலக் குறுக்கே தைப்பது வழக்கம். இழுவை நாலு பக்கமும் பகிரப்படுவதால் ஒரு வரித் தையலைவிடப் பல மடங்கு தாங்கும். நைலோன் பட்டியை வெட்டிய நுனியை மெழுகுதிரிச் சுடரில் ஒரு கணம் காட்டினால் நூல் பிரியாது. இந்தப் பெட்டித் தையலைப் பத்துப் பைகளில் போட்டு, அந்தப் பைகள் ஆறு மாதம் பாவனையில் இருந்து பட்டி அசையாமல் வந்தால், கெரியரைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.

ரிங் ஸ்லிங் எப்படிப் பிடிக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய இரண்டு மீற்றர் நீளமும் முக்கால் மீற்றருக்குக் கிட்டிய அகலமும் உள்ள ஒரு துணி. அதன் ஒரு முனை கொசுவப்பட்டு, இரண்டு வளையங்களுக்குள்ளால் போய், மடங்கித் தைக்கப்பட்டிருக்கும். மற்ற முனை உடம்பைச் சுற்றி வந்து, இரண்டு வளையங்களுக்குள்ளாலும் மேலே வந்து, ஒரு வளையத்தின் மேலாகவும் மற்றதின் உள்ளாலும் திரும்பிப் போகும். சில இடுப்புப் பட்டிகள் இப்படித்தான் பூட்டப்படுகின்றன. பிள்ளையின் பாரம் இழுக்கும்போது வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கித் துணியை இடையில் கவ்விக்கொள்கின்றன. முடிச்சு இல்லை, கொளுக்கி இல்லை. பாரமும் உராய்வும் மட்டுமே. ஆகவே வழுக்கும் துணி உதவாது. சாட்டின், நைலோன் சேலை, ஜோர்ஜெட் எல்லாம் வளையத்துக்குள் மெல்ல மெல்ல நழுவும். தடித்த கென்வஸ் வளையத்துக்குள் நுழையவே நுழையாது. இழுபடும் ரீ-ஷேட் துணி பிள்ளையின் பாரத்தில் தாழ்ந்துகொண்டே போகும். நெருக்கமாக நெய்த, இழுபடாத பருத்தியோ லினனோதான் சரி.

இங்கே எமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மருதமுனைக் கைத்தறியைச் சாரத்துக்கு மட்டுமே உரியதென நினைக்கிறோம். நல்ல நெருக்கமான நெசவுள்ள கைத்தறிப் பருத்தி, ரிங் ஸ்லிங்குக்கு ஏற்ற துணிகளுள் ஒன்று. உலகெங்கும் இவற்றைத் தைப்பவர்கள் கைத்தறியைத் தேடி வாங்குகிறார்கள். ஆனாலும் கைத்தறி என்று சொன்ன மாத்திரத்தில் வாங்கிவிடாமல், துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல வெளிச்சம் வந்தால் வைத்துவிடுங்கள். பெருவிரல்களால் இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி இடைவெளி விழுந்தால் அதுவும் வேண்டாம். வாங்கியதை வெட்டுமுன் சுடுநீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பல் முளைக்கும் பிள்ளை அந்த விளிம்பைத்தான் நாள் முழுக்கச் சப்பும்.

வளையம்தான் உயிர். பைக்கு வாங்கும் இரும்பு வளையங்கள் கம்பியை வளைத்து முனைகளைச் சேர்த்தவை, சிலவற்றில் அந்தப் பொருத்தை ஒட்டியிருப்பார்கள். பாரம் கூடினால் அந்தப் பொருத்து விரியும். திரைச்சீலை வளையமும் அப்படியே. கெரியருக்கென்றே செய்யப்படும் வளையங்கள் பொருத்தே இல்லாத அலுமினியம் அல்லது நைலோன் வளையங்கள், ஏறத்தாழ மூன்று அங்குல அகலமானவை. பஞ்சை வளையத்தைச் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு பிடித்தால் அங்கே பொருத்தோ சொரசொரப்போ இருக்கிறது. அப்படிப்பட்ட வளையம் கிடைக்காவிட்டால் ரிங் ஸ்லிங் தைக்காமல் விடுவதே சரி. இதில் சமாளிப்புக்கு இடமில்லை.

நூல் பொலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் எமது ஈரமான காலநிலையிலும் அடிக்கடி கழுவுவதிலும் உக்கிவிடும். வளையத்தைப் பிடிக்கும் மடிப்பில் மூன்று வரிகள், ஒவ்வொன்றும் முனையிலிருந்து முனைவரை, தொடக்கத்திலும் முடிவிலும் பின்னோக்கித் தைத்துப் பூட்டியவை. தையலின் நீளம் மூன்று மில்லிமீற்றர் அளவில் போதும். பலமாக இருக்கட்டும் என்று குட்டித் தையலாக ஐந்தாறு வரி போட்டால், முத்திரைத் தாளில் கிழிப்பதற்காகப் போட்ட துளைகள்போல ஊசித் துளைகளே துணியை வெட்டிவிடும். இன்னொன்று, நூலின் நிறத்தைத் துணியின் நிறத்தோடு பொருத்தாதீர்கள். வகுப்பில் கற்றதற்கு மாறான பேச்சு இது. நீலத் துணியில் வெள்ளை நூல் போட்டால், ஒரு தையல் அறுந்தாலும் தாய் காலையில் போட்டுக்கொள்ளும்போதே கண்டுகொள்வார். நீலத்தில் நீலம் அதை மறைத்துவிடும்.

தைத்து முடிந்ததும் பாரம் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தரநிலைப்படி ஸ்லிங்குகளைச் சோதிக்கும்போது, சுமக்கச் சொல்லும் ஆகக்கூடிய பாரத்தின் மூன்று மடங்கையாவது தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். அசைவின் தேய்மானம் தெரிய ஒரு பாரத்தைத் திரும்பத் திரும்ப விழவிட்டும் சோதிக்கிறார்கள். ஆய்வுகூடச் சோதனைக்கு வீட்டுச் சோதனை ஈடாகாது. ஆனாலும் ஏணை கட்டும் கொளுக்கியில் மாட்டி, 15 கிலோ பிள்ளைவரை என்று சொல்லப்போகும் கெரியரில் 45 கிலோ அரிசியை வைத்து ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம். காலையில் தையலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அப்படிச் சோதித்ததை விற்கக்கூடாது. துணியைப் புதிதாக வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒன்றைச் சோதனைக்கென்றே தைத்து, பிறகு பிரித்துப் போட்டுவிட வேண்டும். அந்த நட்டம் மற்றவற்றின் விலைக்குள் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும், உலகில் கெரியர்களால் நேர்ந்த உயிரிழப்புகளில் தையல் பிரிந்து நேர்ந்தவற்றைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு, ஒரு பெரிய கம்பனியின் பத்து இலட்சம் ஸ்லிங்குகளைத் திருப்பி எடுக்கச் செய்தது. மூன்று கைக்குழந்தைகள் இறந்திருந்தன. அவை வீட்டில் தைத்தவையல்ல, தொழிற்சாலையில் செய்தவை. தையலும் பிரியவில்லை. குற்றம் வடிவத்தில் இருந்தது. அவை ஒரு பைபோலத் தைக்கப்பட்டிருந்தன. பிள்ளை அதன் அடியில் வளைந்து கிடந்தது. கழுத்து நிற்காத பிள்ளையின் முதுகு அப்படி வளைந்தால், தலை முன்னால் சரிந்து நாடி நெஞ்சில் முட்டும். மென்மையான மூச்சுக்குழாய் மடங்கும். அழக்கூட முடியாது. அல்லது முகம் துணியிலோ தாயின் உடுப்பிலோ புதைந்து ஓரிரு நிமிடத்தில் மூச்சு நின்றுவிடும். நாலு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும், மாதம் நிறையாமலோ நிறை குறைந்தோ பிறந்த பிள்ளைகளுக்கும் ஆபத்து மிகக் கூடுதலென்று அவ்வாணைக்குழு அதற்குச் சற்று முன்னரே எச்சரித்திருந்தது.

கெரியர் என்பது பையாக இருக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். பை தன்னுள்ளே பொருளைக் கிடத்துகிறது. நல்ல கெரியர் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்கிறது. தாய் குனிந்து பார்த்தால் பிள்ளையின் முகம் முழுதாகத் தெரிய வேண்டும். தலையில் முத்தமிடக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் ஒரு விரலாவது போக வேண்டும். முதுகு சரியாதபடி துணி இறுகியிருக்க வேண்டும். கால்கள் தொங்கக்கூடாது. துணி ஒரு முழங்காலிலிருந்து மற்ற முழங்கால்வரை தாங்கி, முழங்கால்கள் ஆசனத்தைவிட உயர்ந்து, தவளை இருப்பதுபோல இருப்பதே இடுப்பு மூட்டுக்கு நல்லது. எமது இடுப்பில் உட்காரும் பிள்ளை இயல்பாகவே அப்படித்தான் கால்களை வைத்துக்கொள்கிறது.

எமது உடைக்கென்று இரண்டு குறிப்புகளும் உண்டு. அபாயாத் துணி வழுக்கும் வகையாயின் கெரியர் தோளிலிருந்து சரியும், அடிக்கடி இறுக்கிக்கொள்ள வேண்டும். தலைத்துணியில் குத்தும் ஊசி பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும் என்பதால், கெரியர் போடும்போது ஊசியில்லாமல் கட்டிக்கொள்வதே பாதுகாப்பு. தலைத்துணியின் தொங்கல் பிள்ளையின் முகத்தை மூடிக்கொள்ளாமலும் பார்க்க வேண்டும்.

அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் சட்டம் இறுகியது. 2018 ஜனவரி இறுதியிலிருந்து அங்கே விற்கும் எந்த ஸ்லிங்கும் வெளியார் ஆய்வுகூடம் ஒன்றில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் மாதம் நாலைந்து தைக்கும் தாய்மாருக்கும் பெரிய கம்பனிக்கும் ஒரே சட்டம். இந்தச் செலவு சிறு தையற்காரருக்குப் பெரும் பாரம் என்ற முறைப்பாடு நியாயமானதே. சட்டம் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இணையம் வழியாக அமெரிக்காவில் உள்ள ஒருவருக்கு இங்கிருந்து கெரியர் தைத்தனுப்ப நினைப்பவரையும் அச்சட்டம் தொடும். பேபி பேக்குக்கு அப்படியொரு சோதனைச் சட்டம் இல்லை. உள்ளூரில் இருந்து வெளிநாட்டுச் சந்தையை எட்ட விரும்பும் மாணவிக்குப் பைதான் நல்ல வாசல்.

இனி விலை. கீழே தருபவை கணக்கைக் காட்டுவதற்கான தொகைகள் மட்டுமே, சந்தை விலை நாளுக்கு நாள் மாறும். ஒரு பேபி பேக்குக்கு வெளித்துணி 900 ரூபா, உட்துணி 500, நீர்புகாத் துணி 350, ஸிப், பட்டி, இலாஸ்டிக், நூல் 650 என்று வைப்போம். மொத்தம் 2,400. பையை 3,000 ரூபாவுக்கு விற்றால் 600 இலாபம் என்று சந்தோஷப்படுவோம். அந்தப் பையை வெட்டித் தைக்க ஐந்து மணித்தியாலம் சென்றிருந்தால், ஒரு மணித்தியால உழைப்புக்குக் கிடைத்தது 120 ரூபா. அதற்குள் மின்சாரம், உடைந்த ஊசி, துணி வாங்கப் போன பஸ் கூலி, வெட்டுத் தவறி வீணான துணி எதுவும் சேர்க்கப்படவில்லை. மணித்தியாலத்துக்கு 300 ரூபா என்று தன் உழைப்பை மதித்து, மற்றச் செலவுகளுக்கு 300 சேர்த்தால் பையின் விலை 4,200 ஆகிறது. "ராத்தா, கடையில இதவிடக் குறைய இருக்கே" என்பார்கள். இருக்கும். அவை ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் வெட்டித் தைத்தவை. அவற்றோடு விலையில் போட்டியிட எம்மால் ஏலாது. கிளினிக் புத்தக அறையிலும், பிள்ளையின் பெயர் பின்னிக் கொடுப்பதிலும், ஸிப் பழுதானால் திருத்திக் கொடுப்பதிலும் போட்டியிடலாம்.

வீட்டுப் பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்ற எண்ணம் வாங்குபவரிடம் மட்டுமல்ல, தைப்பவரிடமும் வீட்டாரிடமும் இருக்கிறது. பெற்றோர்கள் இதனைக் கவனிப்பது நல்லது. மகள் தைத்த பையை மாமிக்கும் சாச்சிக்கும் சும்மா கொடுக்கச் சொல்வது ஒருமுறை அன்பு. பத்தாவது முறை அது அவளுடைய முதல். துணிக்காசை ஒரு பெட்டியிலும் கூலியை இன்னொரு பெட்டியிலும் பிரித்து வைக்கப் பழக்கினால், அடுத்த துணி வாங்க வாப்பாவிடம் கேட்க வேண்டியிராது. ஓடர் நிலையாக வரத் தொடங்கினால் பிரதேச செயலகத்தின் மூலம் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளலாம். பின்னர் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் கடன் கேட்கவும் அந்தப் பத்திரம் தேவைப்படும்.

விற்கும்போது கெரியரின் படத்தில் பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். பொம்மையின் கழுத்து மடங்காது, கால் விரியாது. அது தவறான முறையையே சரியென்று காட்டும். சரியாகப் போட்ட தாயொருவரின் தோளிலிருந்து கீழ்ப்பகுதியை மட்டும், முகம் காட்டாமல், அவர் சம்மதத்தோடு படமெடுக்கலாம். கெரியரோடு ஒரு துணித் துண்டைத் தைத்துவிட வேண்டும். காகிதத்தில் எழுதினால் முதல் நாளே குப்பைக்குப் போய்விடும். தைத்த மாதமும் வருடமும், எத்தனை கிலோவரை, எப்படிக் கழுவுவது, முகம் தெரியவேண்டும் என்ற ஒரு வரி, தைத்தவரை அழைக்கும் இலக்கம். அடுப்படியில் நிற்கும்போதும், மோட்டார் சைக்கிளிலும், காரிலும் கெரியரைப் பாவிக்கக்கூடாதென்பதையும் அதிலேயே சேர்க்கலாம். யார் யாருக்கு விற்றோம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைப்பது அவசியம். ஏதாவது ஒரு வளையத்தில் குறை கண்டால், அதே தொகுதியில் வாங்கிய எல்லோரையும் அன்றே அழைக்க அந்தக் கொப்பிதான் உதவும்.

சிலருக்கு விற்காமலும் விட வேண்டும். பிறந்து இரண்டு கிழமையான, நிறை குறைந்த பிள்ளைக்குக் கேட்டு வருபவரிடம், முதலில் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ டொக்டரிடமோ கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிப் பையை மட்டும் கொடுத்தனுப்பலாம். மூத்த பிள்ளைக்கு வாங்கிய கெரியரை மூன்று வருடத்துக்குப் பின் அடுத்த பிள்ளைக்காக எடுப்பவர்களுக்கு, ஒருமுறை கொண்டுவந்து காட்டும்படி சொல்லிவையுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, வளையத்தைச் சுற்றிப் பஞ்சு தேய்த்து, மூன்று வரித் தையலையும் விரலால் தடவிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அதற்குக் காசு வாங்க வேண்டியதில்லை.